பர்மா தேக்கும் சித்தப்பாவும்

சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பெட்டி இறங்கியிருக்கு.
மூடி முழுக்கச் செதுக்கல். பாய்மரப் படகு, மூங்கில், வளைஞ்ச பாலம், குடை பிடிச்சு ரெண்டு பேர்.

"பர்மா தேக்குடா"ன்னு சத்தியம் பண்றார்.
நம்ம ஊர்ல பழைய மரம் எல்லாமே பர்மா தேக்குதானே!

திறந்தா வாசனை மூக்குல ஏறுது.
சீனத்துக் கற்பூர மரம்.
ஹாங்காங், ஷாங்காய் பக்கம் செதுக்கினது. அந்தக் காலத்துல சிங்கப்பூர், மலேயா போனவங்க ஊருக்கு வாங்கிட்டு வருவாங்க. பட்டு, கம்பளி வச்சா பூச்சி அண்டாது.

மேல அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சை ஓரமா ஒத்தினேன், பிசுபிசுன்னு இளகுச்சு.

செதுக்கல் பக்கம் உப்புத்தாள் போகவே கூடாது, படகுக்காரன் மூக்கு போயிடும். பழைய டூத்பிரஷ்தான்.
(என் பல்லை இவ்ளோ பொறுமையா தேய்ச்சிருந்தா பல் டாக்டர் இந்நேரம் ஏழையாயிருப்பார்.)

உள்பக்கம் லேசா தேய்ச்சா வாசனை திரும்ப எழும்பும். வார்னிஷ் மட்டும் உள்ளே கூடாது, வாசம் அடைஞ்சுடும்.

பித்தளைப் பூட்டுத் தகடு கறுத்துக் கிடக்கு. ஆசாரி அண்ணன் "புளி போட்டு தங்கமா ஆக்கிடலாம் தம்பி"ங்கிறார்.
எனக்கு அந்தக் கறுப்புதான் பிடிச்சிருக்கு.

தேய்க்கவா, விட்டுடவா மக்களே?