ஊவா மலையில் வேட்டை நெறி

பதுளைக்குச் செல்வோர் முதியங்கணை விகாரையையும் துன்ஹிந்தை அருவியையும் காணாது திரும்புவதில்லை. நாமும் கண்டோம். ஆயினும் நம் கருத்தை நெடுநேரம் பற்றி நின்றது நகரிலுள்ள புனித மாற்கு ஆலயமே. 1857ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இவ்வாலயம் தொமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற படைமேஜரின் நினைவாக எழுந்தது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் கடமையாற்றியவர். மலைப்பாதைகள் பல அமைத்தவர். சகல வகுப்பாராலும் நேசிக்கப்பட்டவர். இவரே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றும் கூறுவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று மக்கள் கதை சொல்வர். மலைமுகட்டில் இடி விழுவது புதுமையன்று. ஆதலால் வானத்தை நீதிபதியாக்கும் அக்கதையை நாம் அவ்வளவாக நம்புவதில்லை.

நம்மை உறுத்துவது அந்தத் தொகைதான். அக்காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கியது. பயிரழிவைத் தடுக்கவே அவ்வேற்பாடு என்றனர். ஒரு வயலைக் காக்க ஒன்றிரண்டைச் சுடுவதை விளங்கிக்கொள்ளலாம். ஆயிரத்து நானூறு எந்த வயலுக்காக? இலங்கை யானைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமுங் கிடையாது. எண்ணிக்கையே இன்பமாகிவிட்ட பின் அதனை விளையாட்டு என்று அழைப்பது பொருந்துமா? நல்ல நீதிபதியாயிருந்த ஒருவர் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டாரோ, கேட்கவில்லையோ, ஆலயச் சுவரிலுள்ள நினைவுக்கல் அதனைச் சொல்லவில்லை.

நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை குடியிருந்த சாமுவேல் பேக்கர் வேறு வகையினர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற அதே பேக்கர்தாம். இம்மலைகளில் மரையை வேட்டைநாய்களால் துரத்தி, நெருங்கிச் சென்று கத்தியொன்றினாலேயே கொல்வது அவரது வழக்கம். தமிழகத்தார் கடமான் என்றும் மிளா என்றும் கூறும் விலங்கே நம் நாட்டு மரை. ஆங்கிலேயரோ தம் குளிர்நாட்டுப் பெருமானின் பெயரைத் தவறாக இதற்குச் சூட்டி, அவ்வாறே நூலிலும் எழுதிவைத்தனர். கத்தியோடு எதிர்நின்றால் தமக்கும் ஆபத்து உண்டு. ஆகவே அது நேர்மையான போர் என்பது பேக்கரின் எண்ணம் போலும். அதில் உண்மை இல்லாமலில்லை. முன்வாயால் மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கி, மூடுபனியின் ஈரத்தில் வேளைக்கு வெடியாது போவதுண்டு. கருவியைத் துடைத்து உலர்த்தி வைக்காதவன் விலங்கைக் கொல்லாமற் காயப்படுத்தி, அது காட்டினுள் நாட்கணக்கில் துடித்துச் சாகும்படி விடுவான். இந்தக் கொடுமை கத்தியில் இல்லை. ஆனால் நாய்கள் சூழ, ஓடையின் நடுவே இளைத்து நிற்கும் மரைக்கு எந்தப் பக்கம் வழி இருந்தது?

அமெரிக்காவில் தியடோர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887ஆம் ஆண்டில் தொடங்கிய வேட்டைக் கழகம் இவ்வினாவைச் சற்று ஆழமாகவே ஆராய்ந்தது. நீரில் நீந்தும் மானைப் படகிலிருந்து கொல்லுதல், ஆழ்ந்த உறைபனியிற் கால் புதைந்து திணறும் மானைக் கொல்லுதல் ஆகியன வேட்டையல்ல என்று அது வகுத்தது. தப்பிச் செல்லும் வாய்ப்பு விலங்குக்கு இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. இலங்கையிலும் 1894இல் வேட்டைப் பிரியர் சிலர் கூடி விலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்றை நிறுவினர். சுட்டவர்களே காவலுக்கும் முன்வந்தது வியப்பாயினும் உண்மை.

பதுளையிலிருந்து பண்டாரவளை வழியாகத் தியத்தலாவையை அடைந்தோம். 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் இங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஹென்றி எங்கெல்பிரெக்ட் என்பவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, தாயகம் திரும்பாது இத்தீவிலேயே தங்கிவிட்டார். பின்னர் யால வனத்தின் முதற் காவலராக அமர்ந்து, சட்டம் மீறி வேட்டையாடுவோரைக் கண்டிப்புடன் அடக்கினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில், எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற ஐயத்தில் அவரைச் சிறையிலிட்டனர். (சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய எம்டன் இதுவே, அதன் பெயர் இன்னும் நம்மவர் பேச்சில் வாழ்கிறது.) வேட்டைக்காரரிடமிருந்து விலங்குகளைக் காத்தவர்மீது இறைச்சி விற்ற பழி!

அவர் காத்த யாலக் காட்டுக்கு அண்மையில், ஊவாவின் தென்கோடியில், கதிர்காமம் இருக்கிறது. மான் வயிற்றிற் பிறந்த வள்ளியை நாடி முருகன் வேடனாக வந்த தலம் என்று நாம் வணங்கும் இடம் அது. அந்த வேடனின் அம்பால் எந்த மானும் விழவில்லை என்பதை எம் மாணவி ஒருத்தி வழியிற் சுட்டிக்காட்டினாள்.

ஹப்புத்தளையைக் கடந்தால் தேயிலை மலைகள். லயங்களின் பின்புறத்தில் தொழிலாளர் பயிரிட்ட கோவாவும் உருளைக்கிழங்கும் காட்டுப்பன்றி புகுந்தால் ஓரிரவிற் பாழாகும். அதற்காகச் சிலர் கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். பன்றிக்கு வைத்த சுருக்கு வந்தது யாரென்று பாராது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணியை அண்டிய தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இவ்வாறு அகப்பட்டு, சில நாளிற் சிகிச்சை பலனின்றி மாண்டது. சுருக்கைப் போல நெறியற்ற வேட்டைக் கருவி வேறில்லை. வைத்தவன் உறங்குகையிலும் அது இறுகும். எனினும் பொழுதுபோக்குக்காகச் சுட்ட மேஜருக்கு ஆலயம் எழுப்பிவிட்டு, கூலி போதாமற் கிழங்கு காக்கும் தொழிலாளியை மட்டும் கொடியவன் என்பது நம்மால் இயலாது. வேலி அமைக்கத் தோட்டமும் அரசாங்கமும் உதவினால் சுருக்குகள் பல தாமே மறையும் என்பது நம் துணிபு.

ஒகியாவிலிருந்து மேலே ஏறி, ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியை அடைந்தோம். 1988ஆம் ஆண்டு முதல் இது தேசிய வனம். மரை வேட்டை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பேக்கரின் பெயர் ஓர் அருவிக்கு எஞ்சியிருக்கிறது. பழைய வேட்டை விடுதியான பார் இன் அருகே பெரிய ஆண் மரையொன்று, வண்டிகளின் இடையே அஞ்சாது நின்றது. உணவு கொடுத்தல் கூடாதென்ற அறிவிப்பைப் படித்து முடிக்கும் முன்பே சிறுவனொருவன் பாண் துண்டை நீட்டினான். அவன் தாய் கையைப் பற்றி இழுத்தாள். மரை சற்றுநேரம் அவனையே பார்த்துவிட்டு, திரும்பிப் புல்வெளியின் மூடுபனிக்குள் மெல்ல நடந்தது.