பேரைக் காணோம் சார்



நம் பழைய மாணவர் இணையதளத்தின் அடியில் ஒரு சிறிய பட்டியல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். நம்மை விட்டுப் போய்விட்ட மாணவர்களின் பெயர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியட்டும் என்று அங்கே போட்டிருந்தேன். போன மாதம் ஒருநாள் காலையில் இங்கே ராஜபாளையத்திலிருந்தே ஒரு தாயார் போன் செய்தார்.

"சார், எம் மகன் பேரைக் காணோமே. எடுத்துட்டீங்களா?"

தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாராம். அன்று வரை எனக்கு அது தெரியாது. உடனே போய்ப் பார்த்தேன். அவன் பெயர் மட்டுமல்ல, பட்டியலே இல்லை.

தப்பு என்னுடையதுதான். தளம் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. அதற்குத் தோற்றம் தருவது 'தீம்'. நான் வைத்திருப்பது முன்பு வேர்ட்பிரஸ்ஸோடு இலவசமாக வந்த ட்வென்டி ட்வென்டி-ஒன். பட்டியலை அந்தத் தீமின் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன். முந்தின இரவு அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டவும் பட்டனைத் தட்டிவிட்டேன். அப்டேட் என்றால் பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. வாடகை வீட்டுச் சுவரில் எழுதி வைத்ததை, வீட்டுக்காரர் வெள்ளையடித்து அழித்த கதைதான்.

இப்படி ஆகாமலிருக்கத்தான் 'சைல்ட் தீம்' இருக்கிறது. அது தனி ஃபோல்டர். நாம் மாற்றியதை மட்டும் அதில் வைத்தால் போதும். மற்றதெல்லாம் தகப்பனான 'பேரன்ட் தீம்' கொடுக்கும். தகப்பன் எத்தனை முறை அப்டேட் ஆனாலும் பிள்ளையின் ஃபோல்டர் அப்படியே இருக்கும்.

படித்துப் பார்த்து நானே செய்தேன். ஃபோல்டர் போட்டு, ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற கோப்பை எழுதி ஏற்றினேன். தீம்கள் பக்கத்தில் பிள்ளையைக் காணோம்! மூன்று ராத்திரி உட்கார்ந்தும் பிடிபடவில்லை. நான்காம் நாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன். அங்கே நம் மாணவி ஒருத்தி வீட்டிலிருந்தபடியே இணையதள வேலை செய்கிறாள்.

"சார், பக்கத்தோட அடி வரைக்கும் போய்ப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. கோளாறான தீம்களுக்கு அங்கே தனிப் பட்டியல். என் தீம் அதில் உட்கார்ந்திருந்தது. ஸ்டைல்ஷீட் இல்லை என்று காரணமும் போட்டிருந்தது. நோட்பேடில் சேமித்தபோது கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அதைக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. வாலை வெட்டினாள். இப்போது காரணம் மாறியது: பேரன்ட் தீம் இல்லை.

"அதான் இருக்கேம்மா, தளமே அதுலதானே ஓடுது?" என்றேன்.

கோப்பைத் திறந்து 'டெம்ப்ளேட்' என்ற வரியைக் காட்டினாள். தகப்பன் யார் என்று சொல்லும் வரி அது. திரையில் தெரிகிற பெயரை, பெரிய எழுத்து, இடைவெளி, கோடு எல்லாம் போட்டு அழகாக எழுதியிருந்தேன். அங்கே எழுத வேண்டியது தகப்பனின் ஃபோல்டர் பெயர். எல்லாம் சின்ன எழுத்து, சேர்த்து எழுதிய ஒரே சொல். ஓர் எழுத்து பிசகினாலும் தகப்பன் இல்லை என்றுதான் வரும்.

"பெரியாழ்வார் ஊருக்கு வந்து அப்பா பேரைத் தப்பா எழுதியிருக்கீங்களே சார்" என்று சிரித்தாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வருஷக்கணக்கில் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பதிவேட்டுப் பெயர் வேறு என்று எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருப்பேன்! இனிஷியல் மாறினால் பிள்ளைதான் ஆபீஸ் ஆபீஸாக அலையும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

வரியைத் திருத்தியதும் தீம் வந்துவிட்டது. ஃபூட்டர் கோப்பை நகலெடுத்துப் பிள்ளையின் ஃபோல்டரில் வைத்தாள். என் நோட்டைப் பார்த்து நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். ஒரு பெயரில் கை நின்றது. அந்தத் தாயாரின் மகன். "எங்க கிளாஸ் சார்" என்றாள். பிறகு தட்டினாள்.

சொந்தமாகத் தளம் நடத்தும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தீம் வரவில்லையென்றால் முதலில் பக்கத்தின் அடியில் போய்க் காரணத்தைப் படியுங்கள். கோப்பின் வாலைப் பாருங்கள். தகப்பனின் ஃபோல்டர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். என்னைப் போல மூன்று ராத்திரி முழிக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே அந்தத் தாயாருக்குப் போன் செய்தேன். திறந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இருக்கு சார்" என்றார்.

பட்டியலில் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால், இனிஷியல் தப்பாக இருந்தால், தயங்காமல் எழுதுங்கள். திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்