நாணற் பேனா

கல்லூரி விழாக்களுக்குத் தட்டி எழுதுபவன் என்று நண்பர்கள் என்னை அறிவர். சென்ற கோடை விடுமுறையில் பாரசீக எழுத்தின்மேல் ஆசை பிறந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஈரானில் உருப்பெற்ற 'நஸ்தலீக்' அது. 1927இல் சென்னையில் தோன்றிய 'முசல்மான்' உருது நாளேட்டைப் பல்லாண்டுகள் கையாலேயே எழுதி அச்சிட்டதும் இவ்வெழுத்தில்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கும் எழுத்து. அளவுகோல் கிடையாது, பேனா முனையால் வைக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவு. 'அலிஃப்' மூன்று புள்ளி உயரம். ஒரு குச்சி எழுத்துத்தானே என்று நினைத்தேன்! ஒரு மாதம் ஆகியும் என் அலிஃப் கூன் நிமிரவில்லை.

"கையில் குறையில்லை தம்பி, பேனாவில்தான்" என்றார் பெரியவர். நாணலைச் சாய்வாகச் சீவி, முனையைக் கீற வேண்டும். நான் சீவியவை எல்லாம் பிளந்தன.

என் தந்தையார் கூடை முடைபவர். கல்லூரி விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தவர். திண்ணையில் நான் படும் பாட்டைப் பார்த்துக் கத்தியை வாங்கினார். ஒரே இழுப்பு!

மறுநாள் அலிஃப் நிமிர்ந்தது. பெரியவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் சீவியது?"

"அப்பா."

"அவர் எந்த எழுத்து எழுதுவார்?"

சற்றுத் தயங்கி, உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்து சென்று, பரணிலிருந்து நான்கு நாணல்களை எடுத்துவந்தார்.

"இதையும் அப்பாவிடம் கொடுங்கள் தம்பி. எனக்கு."