கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு டிசம்பர் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. கேரல் ரவுண்ட்ஸ் முடிந்த வார இறுதியில் வேன் பிடித்து, போர்வை, அரிசி, பிஸ்கட் ஏற்றிக்கொண்டு எங்காவது கொடுத்துவிட்டு வருவோம். 2024இல் கும்மிடிப்பூண்டியில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போனோம். கிளம்பும்முன் ஆயர் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வாசித்து ஜெபித்தார். பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறையிலிருப்பவன் என்று ஆறு பேர் வருகிற பகுதி.

முகாம் என்றதும் கூடாரங்களை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது ஒரு ஊர். பெட்டிக்கடை, கோயில், ஒட்டி ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகள். 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஆனாலும் வருவாய்த் துறையினர் ஆள் கணக்கெடுக்க வரும் நாளை அங்கே ‘செக்கிங்’ என்றுதான் சொல்கிறார்கள். வெளியூரில் வேலையில் இருந்தாலும் அன்றைக்கு வந்து தலையைக் காட்டியாக வேண்டும்.

போர்வை கொடுக்கப் போன ஒரு வீட்டில் அம்மா ஒருவர் விடவில்லை. “இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்.” 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர். அடுத்த வருடம் மகன் பிறந்திருக்கிறார், தமிழ்நாட்டில். நானும் 1991தான். அவர் பி.இ. எலக்ட்ரானிக்ஸ், நானும் அதேதான். அம்மாவின் பேச்சில் மன்னார் இருந்தது, மகனின் பேச்சில் அச்சு அசலாகத் திருவள்ளூர் மாவட்டம்.

“இப்ப எங்க வேலை?” என்று கேட்டேன்.

“பெயின்டிங், சார்.”

சார் வேண்டாமே என்றேன். ப்ரோ ஆனேன். என் ஆபீஸ் சோழிங்கநல்லூரில் எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு, “அதுக்கு எதிர் பில்டிங் நான் அடிச்சதுதான் ப்ரோ. கயித்துல தொங்கிட்டே உங்க ஆளுங்க மீட்டிங் போடுறதைப் பாப்பேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெஸ்யூமே அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன் என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அனுப்பினார்.

எங்கள் நிறுவனத்தின் ரெஃபரல் ஃபார்மை அன்று இரவே திறந்தேன். ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டம் வந்தது. இலங்கை என்று தேர்ந்தெடுத்தால் விசா எண் கேட்டது, சிவப்பு நட்சத்திரத்தோடு. இங்கேயே பிறந்தவருக்கு ஏது விசா? காலியாக விட்டால் ஃபார்ம் நகரவில்லை. இதை எழுதியவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். ‘இப்படி ஒரு ஆள் வரமாட்டார்’ என்று டெஸ்ட் கேஸில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

குடியுரிமைச் சட்டத்தை அப்போதுதான் படித்தேன். அதிலும் தேதி வைத்த நிபந்தனைகள்தான். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். என் நண்பர் ஐந்து வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டார். 2019 திருத்தத்தில் கிறிஸ்தவர்களும் உண்டு என்று எங்கள் சபையில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. ஆனால் அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு. அதில் இலங்கை இல்லை.

மூன்று வாரம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது பாதி உண்மை. மீதி, வெட்கம். கடைசியில் அவரே மெசேஜ் போட்டார்: “பரவால்ல ப்ரோ. அந்த விசா நம்பர் கட்டம் எனக்குத் தெரியும். நீங்க ஆசையா கேட்டீங்கன்னுதான் அனுப்பினேன்.”

என் ஆறுதலுக்காக அவர் ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு யார் யாருக்கு உதவி செய்தது?

மத்தேயுவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சோறு, தண்ணீர், துணி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிடலாம். நோயாளியையும் கைதியையும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்நியனுக்குக் கொடுக்க மட்டும் அங்கே பொருள் எதுவும் சொல்லப்படவில்லை. போய்ப் பார்த்தாலும் போதாது. அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போர்வை கொடுத்துவிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டோம்.

அடுத்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர், “போன தடவை போர்வை பத்தலை, இந்தத் தடவை அம்பது சேத்து வாங்கணும்” என்றார். வாங்கலாம், கூடவே நம் சபை வக்கீல் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடமே கேட்டேன். “வரேன்ப்பா. ஆனா என்னால என்ன பண்ண முடியும்னு தெரியலையே” என்றார்.

எனக்கும் தெரியாது. வேனில் முன் சீட்டு அவருக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.