நெய்யரியும் மின்வடிகட்டியும்

நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார், நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். நெய்யரி அறிந்தால் வருந்தும். கசடு நெய்யிற் சேராமற் காப்பதன்றோ அதன் தொழில்! அத்தொழிலை மின்சுற்றினுள் செய்வதே மின்வடிகட்டி.

கம்பி வழியே வரும் மின்குறிகளில் மெல்ல அசையும் அலைகளும் விரைந்து துடிக்கும் அலைகளும் கலந்திருக்கும். ஓர் அலை ஒரு வினாடியில் எத்துணை முறை அதிர்கின்றதோ, அதுவே அதன் அதிர்வெண். அதனை ஹெர்ட்சு என்னும் அலகால் அளப்பர். பாட்டினூடே சில வேளை 'உம்' என்று முரலும் ஓசை, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சு அலை புகுந்ததால் விளைவது. அதனை விலக்குவது எங்ஙனம்?

மின்தேக்கி விரைந்த அலைக்கு எளிதில் வழிவிடும். மெல்ல அசையும் அலையை மிகவும் தடுக்கும். மின்தடையோ எல்லா அலைகளையும் ஒரே அளவில் தடுக்கும். இவ்விரண்டையும் தொடராக இணைத்து, மின்தேக்கியின் இரு முனைகளிலிருந்து குறியை எடுத்தால், தாழ்ந்த அதிர்வெண் அலைகள் ஓங்கி நிற்கும். மின்தடையின் முனைகளிலிருந்து எடுத்தால், உயர்ந்தவை ஓங்கும், முரலோசை தணியும். உறுப்புகள் அவையே, எடுக்கும் இடந்தான் வேறு. ஓரிடத்தில் கசடாய்க் கழிந்தது மற்றோரிடத்தில் நெய்யாகின்றது!

1000 ஓம் மின்தடையும் 1 மைக்ரோபாரடு மின்தேக்கியும் இணைந்தால், எல்லை ஏறத்தாழ 159 ஹெர்ட்சு. அது மதிற்சுவர் அன்று. ஏரிக்கரை போன்ற சரிவு. தாழ்ந்தவற்றை விடும் வடிகட்டியில், எல்லையில் உள்ள அலை நூற்றுக்கு எழுபது பங்கு உயரத்தோடு கடக்கும். பதின்மடங்கு அதிர்வெண் உடையது பத்தில் ஒரு பங்காய்ச் சிறுக்கும். சரிவு செங்குத்தாக வேண்டின், கம்பிச்சுருள்களையும் மின்தேக்கிகளையும் ஏணிப்படி போல் அடுக்குதல் வேண்டும். 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காம்பெல் என்பாரும் செர்மனியில் வாக்னர் என்பாரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, இத்தகைய வடிகட்டிகளை வகுத்தனர். ஓரிணைக் கம்பியில் பல உரையாடல்கள் ஒருங்கே சென்று, கலவாமற் பிரிந்து உரியவர் செவியை அடைந்தது இதனாலேதான்.

இரைச்சலும் பேச்சும் ஒரே அதிர்வெண்ணில் அமைந்தால் வடிகட்டி என் செய்யும்? இரண்டையும் விடும், அன்றேல் இரண்டையும் தடுக்கும். பொருளறியும் ஆற்றல் அதற்கில்லை. பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3400 ஹெர்ட்சு வரையுள்ள அலைகளையே விடுத்தனர். பேச்சு விளங்க அது போதும். ஆயினும், 'ஸ', 'ஃப' ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சீறலோசையின் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அதனால், தம் பெயரை எழுத்தெழுத்தாகக் கூறிய பின்னும், "எந்த எழுத்து?" என்று மறுமுனையிலிருந்து வினா எழும்.