தகரப் பெட்டி

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் 544 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கேரளத்தின் நுழைவாயிலாக அமைந்த ஊர் வாளையார். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, இங்கிருந்த வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் கையில் தாள்களோடு காத்திருப்பார்கள். 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், அனுமதிச் சீட்டு இல்லாத பலர் இதே எல்லையில் தவித்து நின்றனர். கையில் ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூராருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றில், தாத்தா மறைந்த பிறகுதான் வீட்டின் தாள்கள் எங்கே இருக்கின்றன என்னும் தேடல் தொடங்கியது. அதுவரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். வீட்டு மனை அவர் பெயரில் இருந்தது; அதைப் பாட்டியின் பெயருக்கும் பிள்ளைகளின் பெயருக்கும் மாற்ற வேண்டும். கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியின் சாவியைக் கண்டெடுக்கவே மூன்று நாள் ஆயிற்று. அது சாமி மாடத்தில், திருநீற்றுக் கிண்ணத்தின் கீழே இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் மணத்தன. பூச்சி அரிக்காமல் காப்பதில் தாத்தா கருத்தாக இருந்திருக்கிறார். பிரித்து வைப்பதில்தான் இல்லை. இருபது ஆண்டு மின்கட்டண ரசீதுகள், திருமண அழைப்பிதழ்கள், உரக்கடைச் சீட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே வேண்டிய தாள்கள் ஒளிந்து கிடந்தன. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தியும் பாட்டியும் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினர்.

“அந்த ஆதாரத்தை எடும்மா” என்றார் அப்பா. பேத்தி தாத்தாவின் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அப்பா சிரித்துவிட்டார். கேரளத்தில் நிலப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள்; தமிழ்நாட்டில் மூலப்பத்திரம் எனப்படுவது இங்கே முன்னாதாரம். எல்லையில் வாழும் குடும்பத்துக்கு ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பெயர்கள்.

தேடிய பத்திரம் ஒரு மஞ்சள் பையின் அடியில் கிடைத்தது. 1951 ஆம் ஆண்டில், தாத்தா சிறுவராக இருந்தபோது, அவருடைய தந்தை காப்பாளராக இருந்து மகன் பெயரிலேயே வாங்கிய மனை அது. பத்திரம் தமிழில் இருந்தது. மலையாள வழியில் படித்த அப்பாவால் அதைப் படிக்க இயலவில்லை. பள்ளியில் தமிழ் பயிலும் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான்காம் சொல்லிலேயே நின்றாள்.

“அப்பத்தா, இவை என்ன எழுத்துகள்? எங்கள் பாடநூலில் இல்லையே?”

பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி. இதோ ௹, இது ரூபாய். எங்கள் அப்பா கடைக்கணக்கில் இப்படித்தான் எழுதுவார்.”

இருவரும் சேர்ந்து பத்திரத்தைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அதில் ஊர் ‘மலபார் ஜில்லா, பாலக்காடு தாலுகா’ என்று இருந்தது. அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பாட்டியின் ஜாதகக் குறிப்பேடும் அதே பையில் இருந்தது: மன்மத வருடம், தை மாதம். அதாவது 1956 ஆம் ஆண்டின் தொடக்கம். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தபோது, தொட்டிலில் கிடந்த பாட்டி ஊர் மாறாமலே மாநிலம் மாறினார்.

இனிப் பெயர்ச் சிக்கல். கந்தசாமி என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். தமிழில் ‘க’ ஒன்றே. மலையாளத்தில் அதன் இடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. ஒருவர் கந்தசாமி என்று எழுதுவார், மற்றொருவர் கந்தஸ்வாமி என்பார். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். கேரளத்தில் அது பின்னே வருவதுண்டு, வீட்டுப்பெயரின் எழுத்தும் சேர்வதுண்டு. தாத்தாவின் பெயர் பத்திரத்தில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும், வாக்காளர் அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. தாளின் கணக்குப்படி அவர் மூவர். இத்தகைய நிலையில், மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று கேரளத்தில் கிராம அலுவலர் சான்று வழங்குவார். அதற்கு விண்ணப்பிக்கப் பத்திரத்தின் சுருக்கத்தைப் பேத்தியே மலையாளத்தில் எழுதினாள்.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இதைவிடக் கடினமான தேடல் நடக்கிறது. பட்டியல் சாதிகள் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளிவந்தது. அந்நாளுக்கு முன்பே தம் முன்னோர் அங்கே குடியேறியிருந்ததைக் காட்டினால்தான் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கேரளத்தின் சாதிச் சான்று கிடைக்கும். கொள்ளுத்தாத்தாவின் தோட்டப் பணிப்பதிவில் ஒரு வரி, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி போதும். ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் அதில் தொங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாமல் மலையேறியவர்கள் எதைப் பத்திரப்படுத்தியிருக்க முடியும்?

2018 வெள்ளத்தில் பல்லாயிரம் வீடுகளின் ஆவணங்கள் நனைந்து அழிந்தன. அவற்றை மீண்டும் வழங்கக் கேரள அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அதை நினைவில் வைத்திருந்த அப்பா, முக்கியமான தாள்களை அட்சய மையத்துக்கு எடுத்துச்சென்று மின்படி எடுத்துவந்தார். பழைய பத்திரத்துக்கு நெகிழி உறையை ஒட்டிவிடலாம் என்று எவரோ சொன்னதைப் பேத்தி தடுத்தாள். ஒட்டினால் பிரிக்க முடியாது. முத்திரையின் பின்புறத்தைச் சோதிக்கவும் இயலாது. தாள்களைத் தளர்வான உறைகளில் இட்டு, உறையின்மேல் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதினாள். எந்தத் தாள் எந்த உறையில் உள்ளது, எந்த அட்டையில் எவர் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதை ஒரு குறிப்பேட்டில் வரிசைப்படுத்தினாள். ஐந்தாம் பக்கத்தின் தலைப்பு ‘வீட்டுப்பெயர்’. எல்லாப் படிவங்களும் அதைக் கேட்கின்றன. இந்த வீட்டுக்கோ பெயரே இல்லை. தாத்தா ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொன்றை எழுதியிருந்தார்.

“என்ன எழுதட்டும், அப்பத்தா?”

“குடும்ப அட்டையில் இருப்பதையே எழுது. இனி அதை மாற்ற வேண்டாம்.”

கிராம அலுவலகத்திலிருந்து சான்று ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டி புதிய வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி பழையபடி சாமி மாடத்துக்கே சென்றது. ஆனால், அது அங்கே இருப்பது இப்போது வீட்டில் உள்ள நால்வருக்கும் தெரியும்.