ஒரு பலாச்சுளை

ராபின் ஹாப் 1995இல் வெளியிட்ட ஆங்கில நாவல் ஒன்றில் ஃபிட்ஸ் என்னும் சிறுவன் வருகிறான். அரசரின் ஆணைப்படி முதியவர் ஒருவர் இரவு வேளைகளில் அவனுக்கு மறைவாகக் கொலைத் தொழிலைக் கற்பிக்கிறார். யாரைக் கொல்வது என்பதை அரசர் முடிவு செய்வார். ஏன் என்று அவன் கேட்கக் கூடாது. கற்பனை நாடு, மாய ஆற்றல் எல்லாம் கதையில் உண்டு. எனினும், மனத்தை உறுத்துவது அந்தக் கீழ்ப்படிதல்தான்.

அவ்வாறு கீழ்ப்படிய மறுத்த ஒருவரின் கதை ஜொகூரில் வழங்கி வருகிறது. மெகாட் ஸ்ரீ ராமா, சுல்தான் மாமூட் ஷாவின் கடற்படைத் தளபதி; பெந்தான் தீவைச் சேர்ந்தவர். அவர் கடற்கொள்ளையரை எதிர்க்கச் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த மனைவி தாங் அனும் அரண்மனைப் பலாப்பழத்தில் ஒரு சுளையை ஆசைப்பட்டு உண்டாள். சுல்தான் சினந்து அவள் வயிற்றைக் கிழிக்க ஆணையிட்டார். திரும்பி வந்த மெகாட், 1699இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட சுல்தானைக் குத்திக் கொன்றார்.

பலாச்சுளை வாய்மொழி மரபில் வந்த செய்தி, கொலையோ வரலாறு. சுல்தானின் கொடுமையைப் பற்றி அயலாரும் எழுதியுள்ளனர். தாம் பரிசளித்த கைத்துப்பாக்கியை அவர் தெருவில் நின்ற ஏழை ஒருவன்மீது சுட்டுச் சோதித்தார் என்கிறார் ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

சுல்தானுக்கு வாரிசு இல்லை. மலாக்கா அரச மரபு அவரோடு முடிந்தது. பெண்டஹாரா அப்துல் ஜாலில் அரியணை ஏறினார். பின்னர், மறைந்த சுல்தானின் மகன் தானே என்று கூறிக்கொண்டு சியாக்கிலிருந்து வந்த ராஜா கெச்சில், 1718இல் ஜொகூரைக் கைப்பற்றினார். ஒரு குத்தின் விளைவு அத்தனை நீண்டது.

மன்னருக்கு எதிராகக் கை ஓங்குவதைப் பெரும்பாவமாகக் கருதிய காலம் அது. ஆகவே, கதை மெகாட்டை எளிதில் விட்டுவிடவில்லை. உயிர் பிரியுமுன் சுல்தான் எறிந்த கெரிஸ் பட்டு அவரும் மாண்டாராம். பெந்தான் வழியினர் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கி மண்ணை மிதித்தால் இரத்தம் கக்கிச் சாவர் என்பது சுல்தானின் சாபம். தாங் அனுமுக்காகவோ பிறக்காத குழந்தைக்காகவோ எவரும் சாபமிட்டதாகக் கதையில் இல்லை.

சுல்தானின் கல்லறை கோத்தா திங்கியின் கம்போங் மக்காமில் இருக்கிறது. மெகாட்டுக்கும் தாங் அனுமுக்கும் உரியவை எனக் கூறப்படும் கல்லறைகளும் அதே வட்டாரத்தில்தான் உள்ளன.